மண் ஆழமும் நிலத்தின் விளைதிறனும்

மண் ஆழம் என்பது, நிலத்தின் மேற்பரப்பிலிருந்து பயிரின் வேர்கள் தடையின்றி இறங்கிச் செல்லக்கூடிய எல்லை வரை உள்ள மண்ணின் கனம் ஆகும். பாறை, கெட்டிப்பட்ட அடுக்கு, சரளைப் படுகை, உப்பு மிகுந்த அடுக்கு, நிலத்தடி நீர்மட்டம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இந்த எல்லையாக அமையலாம். ஒரு நிலம் எவ்வளவு நீரைச் சேமித்து வைக்கும், எவ்வளவு சத்தைப் பயிருக்குத் தரும், எந்தப் பயிருக்கு ஏற்றது, மழை பெய்யாவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்பனவற்றை மண் ஆழம் பெருமளவு தீர்மானிக்கிறது.

நிலத்தின் வளம் என்றவுடன் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. இவை குறைந்தால் எருவாகவோ உரமாகவோ இட்டு ஈடுசெய்துவிடலாம். குறைந்துபோன ஆழத்தை அவ்வாறு ஒரு பருவத்தில் ஈடுசெய்ய இயலாது. அதனால்தான் மண் ஆழத்தை நிலத்தின் மூலதனம் என்று கருத வேண்டியுள்ளது. அது எவ்வாறு உருவாகிறது, விளைச்சலை எவ்வாறு பாதிக்கிறது, எவ்வாறு குறைகிறது, அதை எவ்வாறு காக்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மண் அடுக்குகள்

புதிதாக வெட்டிய கிணற்றின் சுவரையோ, சாலைக்காக வெட்டப்பட்ட மேட்டின் பக்கத்தையோ உற்றுப் பார்த்தால் மண் ஒரே சீராக இல்லாமல் அடுக்கடுக்காக அமைந்திருப்பது தெரியும்.

மேலே இருப்பது மேல்மண். மட்கிய இலை, தழை, வேர் ஆகியவை கலந்திருப்பதால் இது சற்றுக் கருமையாக இருக்கும். மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் இங்குதான் அதிகம். நம் வயல்களில் இதன் கனம் பெரும்பாலும் 15 முதல் 30 செ.மீ. வரை இருக்கும்.

அதன் கீழே இருப்பது அடிமண். மேலிருந்து மழைநீரால் அடித்துக் கொண்டுவரப்பட்ட களித்துகள்கள், இரும்பு ஆக்சைடுகள், சுண்ணாம்பு முதலியன இங்குப் படிகின்றன. மட்கு குறைவாக இருந்தாலும், நீரைச் சேமிக்கும் பணியில் அடிமண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு.

அதற்கும் கீழே, பாதி சிதைந்த பாறைத் துண்டுகளைக் கொண்ட தாய்ப்பொருள் அடுக்கும், இறுதியில் சிதையாத தாய்ப்பாறையும் இருக்கும்.

மேல்மண்ணும் அடிமண்ணும் சேர்ந்த கனமே பொதுவாக மண் ஆழம் எனப்படுகிறது. எனினும் உழவருக்குப் பயன்படுவது பயனுறு ஆழம் ஆகும். 120 செ.மீ. ஆழமுள்ள மண்ணில் 30 செ.மீ.க்குக் கீழே வேர் நுழைய முடியாத கெட்டித் தட்டு ஒன்று இருந்தால், அந்த நிலத்தின் பயனுறு ஆழம் 30 செ.மீ. மட்டுமே.

மண் எவ்வாறு ஆழம் பெறுகிறது

பாறை வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, மழைநீரில் கரைந்து, வேர்களால் பிளவுபட்டுச் சிறிது சிறிதாகச் சிதைகிறது. தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் அமைப்பு, தாய்ப்பொருள், காலம் ஆகிய ஐந்தும் மண் உருவாக்கத்தைத் தீர்மானிக்கும் காரணிகள் என்று மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் ஜென்னி 1941-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இன்றும் மண்ணியல் பாடம் இந்த ஐந்து காரணிகளிலிருந்தே தொடங்குகிறது.

இவற்றுள் நிலத்தின் அமைப்பை எவரும் நேரில் கண்டறியலாம். ஒரே கிராமத்தில் மேட்டு நிலத்தில் ஒரு முழம் வெட்டினாலே பாறை தட்டுப்படும். பள்ளத்து நிலத்தில் ஆள் உயரம் வெட்டினாலும் மண்ணாகவே வரும். சரிவில் உருவாகும் மண் மழையோடு வழிந்து பள்ளத்தில் சேர்வதே இதற்குக் காரணம். ஆற்றுச் சமவெளிகளில் பாறை அங்கேயே சிதைவதால் மண் ஆழம் கூடுவதில்லை. ஆறு கொண்டுவந்த வண்டல் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்ததால் கூடியிருக்கிறது.

காலத்தைப் பொறுத்தவரை, சுமார் 2.5 செ.மீ. மண் உருவாக இடத்தையும் பாறையையும் பொறுத்து 200 முதல் 1000 ஆண்டுகள் வரை ஆகலாம் என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. கட்டுரையின் பிற்பகுதியில் வரும் கணக்குகளுக்கு இந்த அளவை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

ஆழத்தின் அடிப்படையில் மண்ணின் வகைகள்

மண் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் வகைப்பாடுகளுள் பரவலான ஒன்று பின்வருமாறு:

மிக ஆழமற்ற மண்: 25 செ.மீ.க்குக் குறைவு
ஆழமற்ற மண்: 25 முதல் 50 செ.மீ.
நடுத்தர ஆழ மண்: 50 முதல் 100 செ.மீ.
ஆழமான மண்: 100 முதல் 150 செ.மீ.
மிக ஆழமான மண்: 150 செ.மீ.க்கு மேல்

நிலத்தை அதன் தகுதிக்கேற்ப எட்டு வகுப்புகளாகப் பிரிக்கும் நிலத்திறன் வகைப்பாட்டிலும், சரிவு, வடிகால், கல் அளவு ஆகியவற்றோடு மண் ஆழமும் ஒரு முக்கிய அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. முதல் நான்கு வகுப்புகள் பயிர்ச் சாகுபடிக்கு உகந்தவை. மற்ற நான்கும் மேய்ச்சல், காடு போன்ற பயன்பாடுகளுக்கு உரியவை. ஆழம் குறையக் குறைய ஒரு நிலம் இந்த வரிசையில் கீழே இறங்கிக்கொண்டே போகும்.

வேர் செல்லும் ஆழம்

ஒவ்வொரு பயிரின் வேருக்கும் இயல்பான ஆழம் ஒன்று உண்டு. தடையில்லாத மண்ணில் சில பயிர்களின் வேர்கள் நீரை உறிஞ்சும் ஆழம் ஏறக்குறைய இவ்வாறு அமையும்:

வெங்காயம்: 0.3 முதல் 0.6 மீட்டர்
நெல், நிலக்கடலை: 0.5 முதல் 1 மீட்டர்
வாழை: 0.5 முதல் 0.9 மீட்டர்
தக்காளி: 0.7 முதல் 1.5 மீட்டர்
பருத்தி, மக்காச்சோளம்: 1 முதல் 1.7 மீட்டர்
சோளம்: 1 முதல் 2 மீட்டர்
கரும்பு: 1.2 முதல் 2 மீட்டர்

ஆழமற்ற நிலத்தில் பருத்தியை விதைத்தால் அது முளைக்கும். முதல் ஒரு மாதம் செழிப்பாகவும் தெரியும். வேர் தடையைத் தொட்டபின்புதான் வேறுபாடு புலப்படும். ஆணிவேர் கீழே செல்ல வழியில்லாமல் பக்கவாட்டில் வளையும். செடி குட்டையாக நிற்கும். பூவும் காயும் பிடிக்கும் நேரத்தில் நீர் போதாமல் உதிரும். விதை சரியில்லை, உரம் போதவில்லை என்று அப்போது எண்ணத் தோன்றும். உண்மைக் காரணம் ஒரு முழத்துக்குக் கீழே இருக்கும்.

மரங்களுக்கு ஆழம் மற்றொரு வகையிலும் தேவை. வேர் ஆழமாக ஊன்றாத மரம் புயற்காற்றில் எளிதாகச் சாயும்.

மண் ஆழமும் நீர்ச் சேமிப்பும்

மண் ஆழத்தின் மிகப் பெரிய பயன் நீர்ச் சேமிப்பே ஆகும். நல்ல மழைக்குப் பின் மிகை நீர் வடிந்தபிறகு மண் தன்னிடம் நிறுத்திவைக்கும் நீரின் அளவு களக் கொள்ளளவு எனப்படும். செடி இனி உறிஞ்ச முடியாமல் வாடிவிடும் நிலை வாடல் நிலை எனப்படும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நீரே பயிருக்குக் கிடைக்கும் நீர்.

ஒரு மீட்டர் ஆழமுள்ள மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் நீரின் அளவு மணற்பாங்கான மண்ணில் 25 முதல் 100 மி.மீ., இருமண்பாட்டு மண்ணில் 100 முதல் 175 மி.மீ., களிமண்ணில் 175 முதல் 250 மி.மீ. என்ற அளவில் இருக்கும்.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அருகருகே மூன்று வயல்கள் உள்ளன என்று கொள்வோம். மூன்றும் ஒரே வகையான இருமண்பாட்டு நிலம். மீட்டருக்கு 150 மி.மீ. நீரைத் தாங்கக்கூடியவை. ஆழம் மட்டுமே வேறு. பயிர் நாளொன்றுக்கு 5 மி.மீ. நீரைச் செலவிடுகிறது, வேர் கிடைக்கும் ஆழம் முழுவதும் பரவியுள்ளது என வைத்துக்கொள்வோம்.

25 செ.மீ. ஆழமுள்ள வயல்: சேமிப்பு 37.5 மி.மீ., ஏழரை நாளுக்கு வரும்.
50 செ.மீ. ஆழமுள்ள வயல்: சேமிப்பு 75 மி.மீ., 15 நாளுக்கு வரும்.
100 செ.மீ. ஆழமுள்ள வயல்: சேமிப்பு 150 மி.மீ., 30 நாளுக்கு வரும்.

உண்மையில் பயிர் இந்த நீர் முழுவதையும் ஒரே எளிமையுடன் எடுப்பதில்லை. பல பயிர்களுக்கு ஏறக்குறைய பாதி தீர்ந்ததுமே வளர்ச்சி தளரத் தொடங்கும். அவ்வாறு பார்த்தால் முதல் வயல் நான்காம் நாளிலேயே தளர்ச்சியைக் காட்டும். இரண்டாம் வயல் ஒரு வாரம் தாங்கும். மூன்றாம் வயல் இரண்டு வாரம் தாங்கும்.

மானாவாரி நிலங்களில் இரண்டு மழைகளுக்கு இடையே பத்து நாள் வெயில் காய்வது புதுமை அன்று. அந்தப் பத்து நாளில் முதல் வயலின் பயிர் கருகும். மூன்றாம் வயலின் பயிருக்குப் பெரிய பாதிப்பு இராது. விதை, உரம், மழை, உழைப்பு ஆகிய எல்லாம் ஒன்றாக இருந்தும் விளைச்சல் வேறாவதற்கு ஆழமே காரணமாகிறது.

இறைவைப் பாசன நிலத்திலும் இதன் விளைவு உண்டு. ஆழமற்ற நிலத்துக்குச் சிறிது சிறிதாக, அடிக்கடி நீர் பாய்ச்ச வேண்டும். ஒரே முறையில் அதிகம் பாய்ச்சினால் மிகை நீர் வேருக்கு எட்டாமல் போகும். கூடவே கரையும் உரத்தையும் கொண்டுசெல்லும்.

கனமழையின்போது ஆழமற்ற நிலம் வேறொரு தொல்லைக்கும் உள்ளாகிறது. சிறிய பாத்திரம் விரைவில் நிரம்புவதுபோல மண் விரைவில் நிறைந்துவிடும். அடியில் பாறையோ தட்டோ இருந்தால் நீர் வேரைச் சூழ்ந்து நிற்கும். சரிவான நிலமானால் மிகை நீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். ஆழம் குறைந்த நிலத்தில் அரிமானம் கூடுகிறது. அரிமானம் கூடுவதால் ஆழம் மேலும் குறைகிறது. இந்தச் சுழற்சியை இடையில் தடுக்காவிட்டால் நிலம் சில தலைமுறைகளில் கட்டாந்தரையாகிவிடும்.

மண் ஆழமும் சத்துகளும்

15 செ.மீ. ஆழத்துக்கு ஓர் எக்டேர் நிலத்தில் உள்ள மண்ணின் எடை சுமார் 20 இலட்சம் கிலோ. வேர் 15 செ.மீ.யில் நின்றுவிட்டால் இந்த அளவு மண்ணிலிருந்து மட்டுமே பயிர் சத்தைத் தேட முடியும். வேர் 60 செ.மீ. இறங்கினால் நான்கு மடங்கு மண் அதற்குக் கிடைக்கிறது.

மட்கும் தழைச்சத்தும் மேல்மண்ணில் செறிந்திருப்பது உண்மை. எனினும் அடிமண்ணைப் பயனற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. உலக மண்களில் முதல் ஒரு மீட்டர் ஆழத்தில் உள்ள கரிமத்தில் ஏறக்குறைய பாதி, 30 செ.மீ.க்குக் கீழேதான் உள்ளது. மேலிருந்து நீரோடு இறங்கும் நைட்ரேட்டு, கந்தகம் போன்ற சத்துகளையும் ஆழமாகச் செல்லும் வேர்கள் மீட்டெடுக்கின்றன. துவரை போன்ற ஆழவேர்ப் பயிர்களைப் பயிர்ச் சுழற்சியில் சேர்ப்பதன் நன்மைகளுள் இதுவும் ஒன்று.

ஆழமற்ற நிலத்தில் உரமிட்டும் எதிர்பார்த்த பயன் கிடைக்காமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மழை மிகுந்தால் உரம் வேரைக் கடந்து கரைந்து போகிறது. மழை குறைந்தால் ஈரமில்லாத மண்ணிலிருந்து வேர் சத்தை எடுக்க முடிவதில்லை. இரண்டு நிலையிலும் உரச்செலவு வீணாகிறது.

ஆழம் மட்டும் போதுமா?

ஆழமான நிலமெல்லாம் நல்ல நிலம் ஆகிவிடாது. தூத்துக்குடி மாவட்டத்தின் தேரி நிலங்கள் இதற்கு நல்ல சான்று. அங்குச் செந்நிற மணல் பல மீட்டர் ஆழத்துக்குக் குவிந்துள்ளது. ஆயினும் மணல் நீரை நிறுத்திவைப்பதில்லை, சத்தையும் பிடித்துவைப்பதில்லை. மீட்டருக்கு 60 மி.மீ. நீர் தாங்கும் மணல் ஒரு மீட்டர் இருந்தாலும், அது 40 செ.மீ. இருமண்பாட்டு மண்ணுக்கே சமம். பனையும் முந்திரியும் அங்கு வளர்வதற்கு அவற்றின் வறட்சி தாங்கும் இயல்பே காரணம்.

கல் மிகுந்த நிலத்திலும் அளந்த ஆழம் நம்மை ஏமாற்றும். 50 செ.மீ. ஆழமுள்ள மண்ணின் கன அளவில் நூற்றுக்கு 40 பங்கு சரளைக்கல் என்றால், வேருக்கு உண்மையில் கிடைப்பது 30 செ.மீ. மண்ணே. ஆழமான களிமண் நிலம் களராகவோ உவராகவோ மாறியிருந்தால் வேர் கீழே செல்லாது. எனவே ஆழம், மண்ணின் தன்மை ஆகிய இரண்டையும் சேர்த்தே நிலத்தை மதிப்பிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத தடைகள்

பாறை என்னும் தடையை அகற்ற முடியாது. வேறு சில தடைகளைச் சரிசெய்ய முடியும். ஆகவே தடை எதுவென்று அறிவது அவசியம்.

செம்மண் நிலங்களில் மேலிருந்து இறங்கும் களித்துகள்களும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் அடிமண்ணில் படிந்து கெட்டித் தட்டாக மாறுவதுண்டு. வேர் எளிதில் செல்லும் மண்ணில் ஒரு கன செ.மீ.யின் எடை ஏறக்குறைய 1.3 கிராம். இத்தகைய தட்டுகளில் அது 1.8 கிராமுக்கும் மேலே போவதுண்டு. அவ்வளவு நெருங்கிய மண்ணில் வேருக்கும் நீருக்கும் காற்றுக்கும் இடமில்லை.

மனிதர் உண்டாக்கும் தட்டு ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதாலும், ஈர நிலத்தில் கனமான டிராக்டர் ஓடுவதாலும் உழவு படும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே மண் இறுகிவிடுகிறது.

சுண்ணாம்பு மிகுந்த பகுதிகளில் சுக்கான் கல் அடுக்கு தடையாக அமையும். வடிகால் இல்லாத பகுதிகளில் உயர்ந்து நிற்கும் நிலத்தடி நீரே தடையாகும்; நீர் நிறைந்த மண்ணில் காற்று இல்லாததால் பெரும்பாலான பயிர்களின் வேர்கள் அழுகும்.

நெல் வயல் இதற்கு விதிவிலக்கு. சேற்றுழவினால் உருவாகும் இறுகிய அடுக்கு நீர் கீழே இறங்காமல் தடுத்து வயலில் நிறுத்துகிறது. நெல்லுக்கு அது நன்மை. அதே வயலில் ஆழவேர்ப் பயிர் ஒன்றை மாற்றிப் பயிரிட்டால் அதுவே தடையாகும்.

சில மண்களும் அவற்றின் ஆழமும்

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரங்களின் கரிசல் நிலம், ஆழத்தின் பயனை நன்கு காட்டுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, கொண்டைக்கடலை முதலியன இங்கு மானாவாரியாகப் பயிராகின்றன. மழை ஓய்ந்தபிறகும் ஆழக் கரிசலில் சேர்ந்த ஈரத்தைக் கொண்டே பயிர் முதிர்கிறது. மீட்டருக்கு 200 மி.மீ. நீரைத் தாங்கும் களிமண் ஒரு மீட்டர் இருந்தால், முன் சொன்ன கணக்குப்படி அது 40 நாள் தேவைக்கான சேமிப்பு. கரிசலிலும் எல்லா இடமும் ஒரே ஆழம் அன்று. மேட்டுப்பாங்கான இடங்களில் சுக்கான் அருகிலேயே தட்டுப்படும். அங்கு விளைச்சலும் குறையும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் செம்மண் மேட்டு நிலங்களில் பல இடங்களில் மண் ஆழம் குறைவு. கேழ்வரகு, சாமை, நிலக்கடலை போன்ற பயிர்கள் அங்கு வழக்கில் இருப்பது நிலத்தின் இயல்பை அறிந்த தேர்வே ஆகும்.

காவிரிப் படுகையின் வண்டல் மண் மிக ஆழமானது. நெல் அறுவடைக்கு முன்னரே உளுந்தையும் பயற்றையும் தெளித்து, எஞ்சிய ஈரத்திலேயே விளைவிக்கும் முறை அங்கு உள்ளது. மண்ணின் ஆழத்திலும் களித்தன்மையிலும் சேர்ந்த நீரே அந்த இரண்டாம் விளைச்சலுக்கு மூலதனம்.

நீலகிரியில் மிகுந்த மழையால் பாறை ஆழமாகச் சிதைந்து, பல இடங்களில் மண் கனமாக உள்ளது. ஆனால் மண் அமிலத்தன்மை கொண்டது; சரிவும் மிக அதிகம். சரிவில் மேலும் கீழுமாக உழுது காய்கறி பயிரிட்டால் மேல்மண் விரைவில் வழிந்துவிடும். இதனால்தான் அங்குப் படிமட்ட வயல்கள் அமைக்க வலியுறுத்தப்படுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புப் பாறையின் மேல் செம்மண் அமைந்துள்ளது. இடத்துக்கு இடம் அதன் கனம் மாறுபடுகிறது. கிணற்று நீரைக் கொண்டு சிறிது சிறிதாகப் பாய்ச்சி வெங்காயம், மிளகாய் முதலியவற்றை விளைவிக்கும் தோட்டச் செய்கை அங்குச் சிறந்து விளங்குகிறது.

மண் ஆழம் எவ்வாறு குறைகிறது

முதற்காரணம் மண் அரிமானம். இந்தியாவில் ஆண்டுக்கு எக்டேருக்குச் சராசரியாக 16 டன்னுக்குச் சற்று அதிகமான மண் அரிக்கப்படுகிறது என்று துருவ நாராயணா, ராம் பாபு ஆகிய அறிஞர்கள் 1983-இல் மதிப்பிட்டனர். அரிக்கப்படும் மண்ணில் ஏறக்குறைய 61 விழுக்காடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்கிறது. 10 விழுக்காடு நீர்த்தேக்கங்களில் படிகிறது. 29 விழுக்காடு கடலில் சேர்ந்துவிடுகிறது என்பதும் அவர்கள் கணிப்பு.

16 டன் என்பதை ஆழமாக மாற்றிப் பார்ப்போம். ஓர் எக்டேரில் 1 மி.மீ. கனமுள்ள மண்ணின் எடை சுமார் 13 டன். எனவே 16 டன் இழப்பு என்பது ஆண்டுக்கு 1.2 மி.மீ. அளவு. கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பு 20 ஆண்டுகளில் 2.5 செ.மீ. ஆகிறது. உருவாவதற்கு 200 முதல் 1000 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட மண் ஒரு தலைமுறைக்குள் போய்விடுகிறது. ஆழமற்ற மண்ணுக்கு எக்டேருக்கு 2.5 டன், ஆழமான மண்ணுக்கு 11 டன் என்ற அளவுக்குள் ஆண்டு இழப்பு இருந்தால் தாங்கலாம் என்பது மண் பாதுகாப்பில் பின்பற்றப்படும் பொது வரம்பு. சராசரி இழப்பே இந்த வரம்பைத் தாண்டி நிற்கிறது.

அரிமானத்தில் முதலில் போவது மட்கும் நுண்ணிய களித்துகளும்தான். பருமணலும் கல்லும் பின்தங்கும். ஆகவே ஆழத்தோடு தரமும் சேர்ந்தே குறைகிறது.

இரண்டாவது காரணம் மண்ணை வெட்டி விற்பது. செங்கல் சூளைக்காகவும் பள்ளங்களை மேடாக்குவதற்காகவும் விளைநிலத்தின் மேல்மண் எடுக்கப்படுவதைப் பல ஊர்களில் காணலாம். இதன் உண்மையான விலையை மாணவர்களும் எளிதில் கணக்கிடலாம்.

ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஓர் அடி ஆழத்துக்கு மண் எடுத்தால் 43,560 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்ற வழக்கப்படி அது ஏறக்குறைய 435 யூனிட். உரிமையாளருக்கு அதற்குரிய பணம் ஒருமுறை கிடைக்கும். நிலம் இழப்பது என்ன? இருமண்பாட்டு நிலமானால், அந்த ஓரடி மண் பயிருக்காகச் சேமித்து வைத்திருக்கக்கூடிய நீர் 45 மி.மீ. ஓர் ஏக்கருக்கு அது சுமார் 1,80,000 லிட்டர். நல்ல மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் செலவில்லாமல் நிரம்பிவந்த தொட்டி அது. அதனுடன் மட்கு நிறைந்த பகுதியும் போய்விடுகிறது. அந்த ஓரடி மண் இயற்கையாக மீண்டும் உருவாக, 2.5 செ.மீ.க்கு 200 ஆண்டு என்ற குறைந்த கணக்கிலேயே 2,400 ஆண்டுகள் ஆகும். பக்கத்து வயல்காரருக்கும் பாதிப்பு உண்டு. தாழ்ந்த நிலத்தை நோக்கி அவருடைய வரப்பு சரியும். அவர் மண்ணும் ஈரமும் அங்கு வடியும்.

மண் ஆழத்தை எவ்வாறு அறிவது

மண்வள அட்டைத் திட்டம் இந்தியாவில் 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம் என 12 விவரங்கள் தரப்படுகின்றன. பயனுள்ள ஏற்பாடு இது. ஆனால் பெரும்பாலான பயிர்களுக்கு மண் மாதிரி 15 செ.மீ. ஆழம் வரைதான் எடுக்கப்படுகிறது. இந்த 12 விவரங்களுள் மண் ஆழம் இடம்பெறவில்லை. எனவே அதை நிலத்துக்குரியவரே அறிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு மண்வெட்டியும் கடப்பாரையும் போதும். நிலத்தின் மேடு, நடு, பள்ளம் என மூன்று இடங்களில் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில், முடிந்தால் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். பின்னர் கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளலாம்:

நிறம் எந்த ஆழத்தில் மாறுகிறது?
கடப்பாரை எந்த ஆழத்தில் தடைபடுகிறது? அது பாறையா, ஈரப்பட்டால் இளகும் தட்டா?
கல், சரளை எந்த ஆழத்தில் தொடங்குகின்றன?
பழைய வேர்கள் எந்த ஆழம் வரை சென்றுள்ளன? எங்கே பக்கவாட்டில் திரும்புகின்றன?
வெண்ணிறச் சுண்ணாம்புக் கட்டிகள் உள்ளனவா?
குழியில் நீர் ஊறுகிறதா?

பருத்தி, துவரை ஆகியவற்றின் செடியை அறுவடைக்குப் பின் முழு வேருடன் தோண்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஆணிவேர் நேராக இறங்கியிருந்தால் தடையில்லை. முழங்கைபோல மடங்கியிருந்தால் அந்த ஆழத்தில் தட்டு இருக்கிறது. குழியை விட்டுச் செல்லாமல் மூடிவிட வேண்டும். மேல்மண்ணைத் தனியே குவித்துவைத்து, மூடும்போது மீண்டும் மேலேயே இட வேண்டும்.

பாதுகாத்தலும் மேம்படுத்தலும்

இருக்கும் ஆழத்தைக் காப்பதே முதற்பணி. சரிவுக்குக் குறுக்கே உழுதல், சம உயர வரப்பு அமைத்தல், வரப்புகளில் வெட்டிவேர் போன்ற புல் நடுதல், மழைக்காலத்தில் நிலத்தை வெறுமையாக விடாமல் பயிரோ மூடாக்கோ இருக்கச் செய்தல், கடுஞ்சரிவில் படிமட்ட வயல் அமைத்தல் ஆகியன நன்கு அறியப்பட்ட முறைகள். மழைத்துளி நேரே மண்ணில் விழாமல் தடுப்பதே அரிமானத்தைக் குறைப்பதில் பாதி வெற்றி.

கெட்டித் தட்டு உள்ள நிலத்தில் உளிக்கலப்பையைக் கொண்டு அரை மீட்டர் இடைவெளியில், 40 முதல் 45 செ.மீ. ஆழத்துக்கு, முதலில் ஒரு திசையிலும் பின்பு குறுக்குத் திசையிலும் உழுவது பரிந்துரைக்கப்படுகிறது. மண் உலர்ந்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். ஈரத்தில் தட்டு உடையாது. உடன் எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரமோ மக்கிய தென்னைநார்க் கழிவோ இட்டால் உடைந்த மண் மீண்டும் விரைவில் இறுகாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். பாறை அருகில் உள்ள நிலத்தில் இம்முறையால் பயனில்லை.

சணப்பை, தக்கைப்பூண்டு, கொழுஞ்சி போன்ற பசுந்தாள் பயிர்களை மடக்கி உழுவது மட்கைக் கூட்டும். ஆழம் கூடாவிட்டாலும், இருக்கும் ஆழத்தின் நீர்தாங்கும் திறன் மேம்படும்.

ஏரி, குளங்களில் படிந்துள்ள வண்டல் பெரும்பாலும் மேட்டு நிலங்களிலிருந்து வழிந்து வந்த மேல்மண்ணே. அதை எடுத்து வயலில் இடுவது நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். தமிழ்நாட்டில் வேளாண்மைக்காக இவ்வாறு வண்டல் எடுக்க அரசின் அனுமதி பெற வழி உள்ளது. ஓர் ஏக்கரில் 1 செ.மீ. உயர்த்தச் சுமார் 14 யூனிட் வண்டல் தேவை. இதனால் ஏரியின் கொள்ளளவும் கூடும். களிமண் நிலத்துக்கு மேலும் களி சேர்ப்பதால் பயன் குறைவு. செம்மண், மணற்பாங்கான நிலங்களுக்கே இது மிகவும் ஏற்றது. உப்புத்தன்மை உள்ளதா என்று வண்டலைச் சோதித்தபின் இடுவது நல்லது.

ஆழத்தைக் கூட்ட முடியாத இடத்தில் ஆழத்துக்கேற்ற பயிரைத் தேர்வதே அறிவுடைமை. 25 முதல் 50 செ.மீ. உள்ள நிலத்தில் சிறுதானியங்கள், நிலக்கடலை, தட்டைப்பயறு, தீவனப் புற்கள் முதலியவற்றைப் பயிரிடலாம். அடியில் கல் மிகுந்த நிலங்களில் பெரிய குழிகள் வெட்டி நல்ல மண்ணும் எருவும் நிரப்பி மா, நெல்லி, சீத்தா, இலந்தை, முந்திரி, புளி போன்ற மரங்களை வளர்க்கலாம்.

நிலம் வாங்குபவர்கள் பட்டாவையும் எல்லையையும் நீர் வசதியையும் பார்க்கின்றனர். ஒரு குழி வெட்டி மண்ணின் ஆழத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. நிலத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்பவர்கள், எத்தனை ஏக்கர் என்பதோடு எத்தனை அடி மண் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்திரத்தில் பரப்பளவு மாறாமல் இருக்கும்போதே மண் ஆழம் குறைந்துகொண்டு வரக்கூடும்.